பாரடேயின் குறிப்பேடு

இயற்பியல் சோதனைக்கூடத்தில் ஒரு நாள் என் அளவீடுகளுள் ஒன்று மற்றவற்றோடு ஒட்டவில்லை. ரப்பரால் அதை அழித்து, பொருந்தும் எண்ணொன்றை எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையொப்பமும் வாங்கிவிட்டேன். அந்த வாரந்தான் நூலகத்தில் மைக்கேல் பாரடேயின் வரலாறு கைக்குக் கிடைத்தது. படிக்கப் படிக்க வெட்கமாயிருந்தது.

பாரடே 1791-இல் இலண்டனை அடுத்த ஊரில் ஓர் ஏழைக் கொல்லருக்கு மகனாய்ப் பிறந்தவர். பள்ளிப்படிப்பு சொற்பமே. புத்தக பைண்டிங் கடையில் ஏழாண்டு தொழில் பயின்றார். 1812-இல், கடைக்கு வரும் ஒருவர் தயவால், சர் ஹம்பிரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. கேட்டவற்றை விரிவாய் எழுதி, படமும் வரைந்து, தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. மனுவோடு சென்ற சிபாரிசு அந்த நோட்டுத்தான்!

அங்கும் அன்றன்று செய்ததை அன்றன்றே எழுதிவந்தார். 1831 ஆகஸ்டு 29 அன்று மின்காந்தத் தூண்டலைக் கண்டார் அல்லவா? அன்றைய பக்கத்தில் இரும்பு வளையத்தின் கனம், குறுக்களவு, கம்பி சுற்றிய விதம் எல்லாம் இருக்கின்றன. மின்கலத்தை இணைத்தபோதும் துண்டித்தபோதும் மட்டுமே காந்த ஊசி அசைந்தது என்பதும் இருக்கிறது. அதைப் பார்த்து வேறொருவர் அப்படியே செய்துவிடலாம். 1832 முதல் ஒவ்வொரு பத்திக்கும் தொடர் எண் இட்டார். பழைய சோதனையைச் சுட்ட எண்ணைக் குறித்தால் போதும். அந்த எண் 16,041 வரை சென்றது.

இத்தனை சிரமம் எதற்கு? அவர் தம் நினைவாற்றலை நம்பவில்லை. ஐம்பதை எட்டுமுன்பே உடல்நலம் குன்றி, மறதி வாட்டியது. ஒரு சமயம் ஆறு வாரம் பாடுபட்டுச் சில முடிவுகளைக் கண்டபின் நோட்டைப் புரட்டினால், அதே முடிவுகளைச் சில மாதங்களுக்கு முன்பே தாம் கண்டு எழுதியிருப்பது தெரிந்தது! வேறொருவராயின் ஓய்ந்திருப்பார். அவரோ குறிப்பேட்டின் துணையோடு மேலும் பல்லாண்டு உழைத்தார். ஒளியின் மீது காந்தத்துக்குள்ள ஆற்றலை 1845-இல் அவர் கண்டது அந்த நோய்க்குப் பின்னர்தான்.

பலிக்காதவற்றையும் அவர் விடவில்லை. ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்புண்டா என்று 1849-இல் தேடினார். அகப்படவில்லை, அகப்படவில்லை என்றே எழுதினார். 1862 மார்ச் 12 அன்று, சுடரொளியின் நிறமாலைக் கோடுகளைக் காந்தம் மாற்றுமா என்று பார்த்தார். மாற்றம் எதுவும் புலப்படவில்லை. அதையும் எழுதிவைத்தார். அதுவே அவருடைய கடைசி ஆராய்ச்சி. 1867-இல் மறைந்தார்.

அந்தச் சோதனையைப் பற்றிப் பின்னாளில் படித்த ஹாலந்து நாட்டு பீட்டர் ஸீமன், பாரடேயே முயன்றதாயின் மறுபடி பார்ப்பதில் தவறில்லை என்று கருதி, மேலும் நுண்ணிய கருவி கொண்டு 1896-இல் பார்த்தார். கோடுகள் அகன்றன. 1902-இல் லாரன்ட்ஸோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நான் அழித்த எண் என்னவென்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.