வளர்ச்சியைக் கண்டு இனமறிந்தவர்



1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட நாள்முதல், தெல்தோட்டை மலைப்பகுதி தேயிலையோடு பிறந்து தேயிலையோடு வளர்ந்து வருகின்றது. இங்கே கொழுந்து கொய்யும் தாய் ஒருவரிடம், பச்சைத் தேயிலை ஒரு செடியிலும் கறுப்புத் தேயிலை வேறொரு செடியிலும் விளைகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். அவர் சிரித்துவிடுவார். ஒரே செடியின் ஒரே கொழுந்துதான், தொழிற்சாலையில் பக்குவப்படுத்தும் முறையால் இரண்டாகின்றது என்பது அவருக்குத் தெரியும். ஆனால், தாவரப் பாகுபாட்டியலின் தந்தை எனப் போற்றப்படும் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1762ஆம் ஆண்டில் இவற்றை இரு வேறு இனங்கள் என்றே எழுதி வைத்தார். பூவிலே ஆறு இதழ் உள்ளது ஓர் இனம், ஒன்பது இதழ் உள்ளது மற்றோர் இனம் என்பது அவர் கணக்கு. தேயிலை வளரும் மண்ணை அவர் கண்டதில்லை.

மாமேதையும் இடறக்கூடிய இடம் இது. முடிந்து நிற்கும் தோற்றத்தை மட்டும் பார்த்து ஓர் உயிரின் இனத்தை உறுதியாகக் கூற இயலுமா? அது எவ்வாறு கருவானது, எவ்வழியில் வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்த ஒருவரை இவ்வாரம் நினைவுகூர்வோம். அவர் இந்தியாவின் பெரும் தாவரவியல் அறிஞர் பஞ்சானன் மகேஸ்வரி.

1904ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெய்ப்பூரில் பிறந்த அவர், உயர்கல்வி பெற அலகாபாத் நகருக்குச் சென்றார். அங்கே ஈவிங் கிறிஸ்தவக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசான், அமெரிக்காவிலிருந்து வந்த மறைபணி ஆசிரியர் வின்ஃபீல்ட் டட்ஜன். 1920இல் தோன்றிய இந்தியத் தாவரவியல் கழகத்தின் முதல் தலைவராக விளங்கியவர் இவரே. மாணவரின் உள்ளத்தில் தாவர அமைப்பியலின் மீது தீராத வேட்கையை விதைத்தவரும் இவரே. தம் மாணவர் தம்மையும் மிஞ்சி வளர்வாராயின் அதுவே தமக்குப் பெரும் மனநிறைவு என்று டட்ஜன் ஒருமுறை கூறினார். நெகிழ்ந்துபோன மாணவர், இதற்குக் கைம்மாறாகத் தாம் என்ன செய்யலாம் என்று கேட்டார். தாம் அவருக்குச் செய்ததை அவர் தம் மாணவர்களுக்குச் செய்தால் போதும் என்பதே ஆசானின் பதில்.

சிந்தித்துப் பாருங்கள். கேட்டவர் இந்துக் குடும்பத்து இளைஞர்; பதில் சொன்னவர் கிறிஸ்தவ மறைபணியாளர். அந்த ஆசான் பொன்னும் கேட்கவில்லை, புகழும் கேட்கவில்லை. தமக்குரிய கடனை, இன்னும் முகம் காணாத பிள்ளைகளின் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டார்.

மகேஸ்வரி அக்கடனை மறக்கவில்லை. 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்ற அவர், ஆக்ராவிலும் பின்னர் பிற இடங்களிலும் கற்பித்து, 1939 முதல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். நாடு பிரிக்கப்பட்டபின், 1949இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைக்குத் தலைமையேற்றார். அடுத்த ஆண்டே, பூக்கும் தாவரங்களின் முளையவியல் பற்றிய அவரது நூல் வெளிவந்து, உலகெங்கும் மாணவர் கைகளில் தவழ்ந்தது.

முளையவியல் என்பது என்ன? பூவின் சூலகத்துக்குள்ளே, சூல்வித்தினுள்ளே, கண்ணுக்குத் தெரியாத முளையப்பை ஒன்று உருவாகின்றது. மகரந்தத்தின் வரவால் அங்கே கரு உண்டாகி, அதற்கு உணவூட்டும் இழையம் சூழ, விதையாக முதிர்கின்றது. இப்படிநிலைகள் ஒவ்வொன்றும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். இலையும் நிறமும் உயரமும் வெயிலாலும் மழையாலும் மாறக்கூடியவை. விதைக்குள் நிகழும் வளர்ச்சியோ அத்தனை எளிதில் மாறுவதில்லை. ஆகவே, தாவரங்களை வகைப்படுத்த இந்த வளர்ச்சி வரலாறும் சாட்சியாக அழைக்கப்பட வேண்டும் என்பதே மகேஸ்வரியின் வாதம்.

வட இந்தியக் குளங்களில் சிங்காரா என்னும் நீர்க்கொட்டைச் செடி மிதக்கின்றது. பூவின் தோற்றத்தைக் கொண்டு அறிஞர்கள் அதனை ஓனாகிரேசியே என்னும் குடும்பத்தில் சேர்த்திருந்தனர். உள்ளே பார்த்தபோது கதை வேறாக இருந்தது. அக்குடும்பத்தின் முளையப்பையில் இருப்பவை நான்கு கருக்கள்; சிங்காராவில் இருப்பவையோ எட்டு. வளர்ச்சியின் இச்சாட்சி, அது அவ்வீட்டுப் பிள்ளை அல்ல என்று காட்டிக்கொடுத்தது.

இன்னுமோர் எடுத்துக்காட்டு நம் வீட்டு முற்றத்திலேயே உண்டு. மாமரத்திலும் தோடையிலும் ஒட்டிக்கொண்டு, அதன் சாற்றை உறிஞ்சி வாழும் குருவிச்சையை நீங்கள் கண்டிருப்பீர்கள். பறவைகளால் பரவும் இத்தகைய ஒட்டுண்ணிகள் யாவும் நெடுங்காலம் ஒரே குடும்பமாகவே கருதப்பட்டன. மகேஸ்வரியும் அவருடைய சகாக்களும் இவற்றின் கருவளர்ச்சியை நுணுகி ஆராய்ந்து 1957இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு பிரிவில், முளையப்பை தான் பிறந்த இடத்தில் அடங்கியிராமல் பூவின் தண்டினூடே மேல்நோக்கி வளர்கின்றது. அவ்வாறு உயரத்திலே உண்டாகும் கருவை, நீண்டு வளரும் காம்பொன்று மீண்டும் கீழே கொண்டுவந்து சேர்க்கின்றது. விஸ்கம் என்னும் மற்றைப் பிரிவில் இந்த நெடும்பயணம் இல்லை. ஆகவே இரண்டும் தனித்தனிக் குடும்பங்களாக வைக்கத்தக்கவை என்று அவர்கள் கூறினர். பிற்காலத்து மரபணு ஆய்வுகளும் இவை வெவ்வேறு கிளைகளைச் சார்ந்தவை என்றே காட்டின. மரத்தின் மேல் பார்த்தால் இரண்டும் ஒட்டுண்ணிகளே. வளர்ந்த வழியோ வேறு.

இனி, ஆசானுக்குத் தரவேண்டிய கடன் என்னவாயிற்று? தில்லியில் மகேஸ்வரி தம் மாணவரை ஆய்வுத் துணைவராகவே நடத்தினார். பரிசோதனைக் குழாயிலேயே கசகசாச் செடியின் சூல்வித்துகளைக் கருக்கட்டச் செய்து 1962இல் உலகைத் திரும்பிப் பார்க்கவைத்த ஆய்வும், ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து முளையங்களை வளர்த்தெடுத்த 1964ஆம் ஆண்டு ஆய்வும் அவருடைய துறையில் பிறந்தவை. பின்னதில் முதற்பெயர் இளம் ஆய்வாளரான சிப்ரா குகாவினுடையது. அதே 1964இல், பாடசாலைப் பிள்ளைகளுக்கான உயிரியல் பாடநூலும் அவர் தலைமையில் வெளிவந்தது. உலகப் புகழ் பெற்ற பேராசிரியர், பள்ளிச் சிறுவருக்காகப் பாடநூல் உருவாக்குவதைத் தம் தகுதிக்குக் குறைவு என எண்ணவில்லை. 1965இல் இலண்டன் றோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராகத் தெரிவுசெய்தது. மறு ஆண்டு மே மாதம், தமது 61ஆவது வயதில் அவர் மறைந்தார். தாவரங்களுக்கு உரிய இடத்தைத் தேடித் தந்தவரின் பெயரும் பாகுபாட்டியலில் இடம்பெற்றது. பூஞ்சைப் பேரினம் ஒன்று பஞ்சானனியா என்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அன்புக்குரியவர்களே, வயலில் தோன்றிய களைகள் உவமையை நாம் நன்கறிவோம். களைகளை உடனே பிடுங்கிவிடத் துடிக்கின்றனர் பணியாளர்கள். நிலக்கிழாரோ, கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்படும் என்பதால் அறுவடைவரை பொறுத்திருக்கச் சொல்கின்றார். இளம் பயிராக நிற்கும்போது இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று என்பது உழவருக்குத் தெரிந்த உண்மை. வளர்ச்சியைக் காணும் பொறுமை இல்லாதவன் நல்ல பயிரையும் பிடுங்கி எறிந்துவிடுவான்.

நாம் அப்படிச் செய்ததில்லையா? லயத்தில் பிறந்த பிள்ளை இவ்வளவுதான் படிக்கும் என்று எத்தனை முறை முடிவுகட்டியிருக்கின்றோம்! பரீட்சையில் ஒருமுறை தவறியவன், குடிகாரத் தந்தையின் மகன், பேச்சுத் திக்கும் சிறுமி என்று இதழ்களை மட்டும் எண்ணிப் பெயரிட்டுவிடுகின்றோம். அப்பிள்ளைக்குள்ளே மறைவாக எது வளர்கின்றது, எந்த உயரத்திலிருந்து எத்தனை தூரம் இறங்கிவந்து அது வேரூன்றப் போராடுகின்றது என்று நாம் பார்ப்பதில்லை.

இவ்வாரம் உங்கள் வீதியோரத்து மரத்தில் குருவிச்சையைக் காண நேர்ந்தால் ஒரு கணம் நில்லுங்கள். நீங்கள் அவசரமாகப் பெயர் சூட்டிய ஒரு பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னர், உங்களை வளர்த்துவிட்ட ஓர் ஆசானையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குரிய கடனை எங்கே செலுத்த வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.