சிறைக்குள் ஒரு வழக்குரைஞர்

பொருநைக் கரையின் ஏரல் முதலிய ஊர்களையும் முத்துக்குளித்துறையாகிய தூத்துக்குடியையும் தன்னகத்தே கொண்டிருந்தது அந்நாளைய திருநெல்வேலி மாவட்டம். அம்மாவட்டத்து ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்தார் வ.உ. சிதம்பரனார். கப்பலோட்டிய தமிழராக நாடறிந்த அவர், குற்றவியல் வழக்குகளில் பெயர்பெற்ற வழக்குரைஞர் என்பதைப் பலர் அறியார். தந்தை உலகநாதரும் வழக்குரைஞரே. ஏழைகளுக்காக வாதாடிய மகன், சில வழக்குகளில் தந்தைக்கு எதிராகவே நின்றார்.

அத்தகையவரே 1908இல் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வென்ற சில நாள்களில், மார்ச் 12 அன்று அவர் கைதானார். மறுநாள் நெல்லையில் மூண்ட கலவரத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு நால்வர் பலியாயினர். அவர்மீது சாட்டப்பட்ட குற்றமோ மேடைப்பேச்சு. சட்டப்பிரிவு 124அ, இராசத்துரோகம். பேச்சுக்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு 20 ஆண்டு என, ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே நாடுகடத்தல் தண்டனை விதித்தார். குற்றத்தின் அளவுக்கேற்பத் தண்டனை அமைய வேண்டும் என்னும் நெறி அங்கே காற்றில் பறந்தது. இந்தியாவுக்கான பிரித்தானிய அமைச்சர் மார்லிக்கே இக்கடுமை உறுத்தியது. பின்னர் உயர்நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. அதே 124அ பிரிவு விடுதலைக்குப் பின்னும் நீடித்து, 2022 மே மாதத்தில்தான் உச்சநீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டது.

கோவைச் சிறையில் சணல் உரிக்கும் பொறி அவர் கைத்தோலை உரித்தது. பின்பு மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டினர். உடல் நலிந்தபோதும் அவருடைய சட்ட அறிவு நலியவில்லை. சக கைதிகளுக்கு அவர் மனுக்கள் எழுதித் தந்தார். கண்ணனூர்ச் சிறையிலிருந்தபோது 'மெய்யறம்' இயற்றினார். சிறைக்கதவு மூடினாலும் கைதியின் அடிப்படை உரிமைகள் மறைவதில்லை என்று உச்சநீதிமன்றம் சுனில் பத்ரா வழக்கில் உரைத்தது 1978இல். செக்கிழுத்தவர் மறைந்து 42 ஆண்டுகள் கழித்து!

1912 டிசம்பரில் விடுதலையானார். ஆனால் வழக்காடும் உரிமம் பறிபோயிருந்தது. வறுமை சூழ்ந்தது, கப்பல் கண்டவர் சென்னையில் சிறு வணிகம் செய்து பிழைக்க நேர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் உரிமம் மீளக் கிடைத்தது. கிடைக்கச் செய்தவர் நீதிபதி வாலஸ். 1908இல் அவரது வழக்கை முதற்கட்டமாக விசாரித்த நடுவரும் அவரே. சிதம்பரனார் அந்த நன்றியைத் தம் மகனுக்கு இட்ட பெயரில் பொதிந்தார்: வாலேசுவரன். அதன்பின் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மீண்டும் வழக்காடினார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார்.