துன் சம்பந்தன்: கைநாட்டுக்காரரைப் பங்குதாரராக்கியவர்



ஈப்போவில் நம் கடையில் பாட்டனார் காலத்துப் பற்றேடு ஒன்று இருக்கிறது. தோட்டத்துச் சனங்களின் கணக்குக்கு எதிரே பெரும்பாலும் கைநாட்டுத்தான். வெள்ளைத் துரைக்குப் பங்களா, தமிழனுக்கு லயம் என்றிருந்த நாட்கள் அவை. 1923ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி தோட்டங்களில் பள்ளிகள் இருந்தன. ஆனால் அப்படிப்பு சில வகுப்புகளோடு நின்றுவிடும். மரம் வெட்டுபவரின் பிள்ளையும் மரம் வெட்டவே போகும்.

காலஞ்சென்ற துன் வீ. தி. சம்பந்தன் 1919ல் சுங்கை சிப்புட்டில் வசதியான வீட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் கற்றுத் திரும்பிய அன்னார், ஊர்ப் பிள்ளைகளை மறக்கவில்லை. அவர் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954ல் நேருவின் சகோதரி விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். 1955ல் அன்னார் ம.இ.கா. தலைவரானார்.

அப்போது துரைமார்கள் தோட்டங்களை விற்கலானார்கள். துண்டாடலால் வேலையும் வீடும் பறிபோயின. கூடவே பிள்ளையின் படிப்பும் போயிற்று. ஆகவே 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்ட முடிந்தது. தோட்டந்தோட்டமாகச் சென்று ஆள் சேர்த்தார். கைநாட்டு வைத்தவர் பெயர் பங்குதாரர் ஏட்டில் ஏறியது.

எல்லாத் தோட்டங்களையும் காக்க முடியவில்லை. 1979ல் அன்னார் மறைந்தார். ஆயினும் எழுத்தறிவும் உடைமையும் சேர்ந்தே ஓரினத்தை நிமிர்த்தும் என்று காட்டிச் சென்றார். அண்டை வீட்டில் ஒரு பிள்ளை படிப்பை விட்டால், அது நமக்கும் நட்டமே.