விளக்கேந்திய அன்னை புளோரன்ஸ் நைற்றிங்கேல்

மக்கள் சேவையே மகேசன் சேவை என்பர் ஆன்றோர். நோயுற்றோரைப் பராமரிக்கும் பணியை உன்னத தொண்டாக உயர்த்தியவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். விளக்கேந்திய அன்னையாக அவரை உலகம் அறியும். கணக்கேந்தி அரசையே கேள்வி கேட்ட அன்னையாக அறிந்தோர் சிலரே.

1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வந்த ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கும் இடப்பட்டது. தாதியர் தொழில் இழிவாக எண்ணப்பட்ட காலம் அது. வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி, 1851இல் ஜேர்மனியில் பயிற்சி பெற்றார்.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். இரவில் விளக்குடன் நோயாளரைப் பார்வையிட்டார். உணவும் உடையும் தேடிக் கொடுத்தார். ஆயினும் மரணம் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் வரை மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது காயமல்ல, வயிற்றோட்டமும் காய்ச்சலுமே. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கட்டடத்தின் கீழிருந்த கழிவுக் கால்வாய்களைத் துப்புரவு செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். ஜூனில் மரணம் நூற்றுக்கு இரண்டளவில் வந்தது.

1856இல் நாடு திரும்பிய அம்மையார், புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பார் துணையுடன் மரணப் பதிவுகளை ஆராய்ந்தார். போதிய உணவின்மையும் களைப்புமே படையினரைக் கொன்றன என்று அதுவரை நம்பியிருந்தார். அசுத்தமே முதற்காரணம் எனவும், தாம் பணிபுரிந்த வைத்தியசாலையிலேயே சாவு மிகுந்தது எனவும் கணக்குச் சொன்னது. புகழின் உச்சியில் இருந்தவருக்கு அது பேரிடி. எனினும் உண்மையை மறைக்கவில்லை. எண்களை வர்ண வட்டப் படமாக்கி, ஆட்சியாளர் பார்த்தவுடன் விளங்கச் செய்தார். சமாதான காலத்திலும் படைமுகாம்களில் இளைஞர்கள் பொதுமக்களைவிட ஏறத்தாழ இருமடங்கு இறப்பதைக் காட்டினார். 1858இல் இலண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரானார்.

இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வராமலே, அங்குள்ள படைமுகாம்களுக்கு வினாக்கொத்து அனுப்பித் தகவல் திரட்டினார். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 படையினர் இறப்பது 1863ஆம் ஆண்டு அறிக்கையால் வெளிப்பட்டது. சீர்திருத்தங்களின் பின் அது 18 ஆகக் குறைந்ததை 1873இல் எடுத்துரைத்தார். குடியேற்ற நாடுகளின் பள்ளிகள், வைத்தியசாலைகள் பற்றிய அவரது ஆய்வில் இலங்கையும் இடம்பெற்றது.

1860இல் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். நீண்டகாலம் நோயுற்றிருந்தும் எழுத்துப் பணியைக் கைவிடவில்லை. 1910 ஆகஸ்ட் 13இல் தமது 90ஆவது வயதில் இறைபதம் எய்தினார். அவர் பிறந்த தினமே சர்வதேச தாதியர் தினம்.

2004 கடல்கோளின் பின் கல்முனைக் கரையோரத்தில் கிணறுகளைச் சுத்திகரித்த பணியும் அவர் காட்டிய வழியே. அன்பு மட்டும் நோய் தீர்க்காது. எது உயிர் காக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் நேர்மையும் வேண்டும். அதுவே அன்னையின் வாழ்வு தரும் பாடம்.