இராசேந்திரன் எடுத்த கற்றளி

வடசென்னையில் டோல்கேட்டைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வோர் திருவொற்றியூரை அடைவர். ஆலைகள் நெருங்கிய அவ்வூரில், கடற்கரைக்கு அணித்தாக ஆதிபுரீசர் திருக்கோயில் உள்ளது. இறைவன் திருமேனி புற்றுமண்ணால் ஆயது. ஆண்டு முழுதும் கவசம் பூண்டு, கார்த்திகைத் திங்களில் மூன்று நாள் மட்டுமே வெளிப்படுவது. நீர் பட்டாற் கரையும் அம்மண்ணுக்குக் கருங்கல்லால் இல்லம் அமைத்தவன் சோழப் பேரரசன் முதலாம் இராசேந்திரன்.

இராசராசன் மைந்தனாகிய இவன், 1012 இல் இளவரசுப் பட்டம் ஏற்று, 1014 முதல் தனியாட்சி புரிந்தான். 1025 இல் இவனது கலப்படை கடல் கடந்து சீவிசயத்தை வென்றது. எரிமலைகள் மலிந்த அத்தீவுகளுள் ஒன்றாகிய சாவகத்தில், தீக்குழம்பு ஆறி இறுகிய கல்லைக் கொண்டே போரோபுதூர் முன்னரே எழுந்திருந்தது. நிலம் ஈந்ததைக் கொண்டு கட்டுதல் எந்நாட்டுச் சிற்பிக்கும் இயல்பன்றோ? தொண்டை நாட்டுக் கல்லோ, நிலத்தின் ஆழத்தே பெருவெப்பத்தில் உருவாகிப் பல கோடி ஆண்டுகள் இறுகியது. உளிக்கு எளிதில் இணங்காதது. ஆதலின் செங்கல்லும் மரமுமே நெடுங்காலம் கோயில்களுக்கு உதவின. இராசேந்திரனின் குலத்து மூதாட்டியாகிய செம்பியன் மாதேவியார் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். அவ்வழியையே இவனும் மேற்கொண்டான்.

ஒற்றியூர்ச் சதுரானன பண்டிதர் வேண்ட, அரசன் ஆணையிட்டான். வீரசோழத் தச்சன் எனப்பெற்ற இரவி என்பான் பணியை முடித்தான். கருவறை, படுத்த யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடம். வளைசுவருக்குக் கல் இழைத்தல் அரிது. ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வளைவுக்கேற்பச் செதுக்குதல் வேண்டும். மன்னனைக் கூறும் கல்வெட்டிலேயே தச்சன் பெயரும் இடம்பெற்றது தக்கதே.

இவனது படை ஈழத்துப் பௌத்தப் பள்ளிகளைச் சூறையாடியதை அந்நாட்டுச் சூளவம்சம் கூறும். கோயில் எடுத்தவன் புகழைக் கூறுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

கங்கை வெற்றிக்குப் பின் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கினான். ஆங்கு அவன் வெற்றித்தூணாக நாட்டியது கல்லன்று, நீர்! சோழகங்கம் என்னும் பேரேரியே அத்தூணாயிற்று.

1044 இல் இராசேந்திரன் மறைந்தான். காஞ்சிபுரத்தை அடுத்த பிரமதேசத்தில் அவன் தேவி வீரமாதேவியும் அவனுடன் உயிர் நீத்தாள். அவள் உடன்பிறந்தானாகிய சேனாபதி மதுராந்தகன், அவ்விருவர் நீர்வேட்கை தணியும்பொருட்டு அவ்வூரில் தண்ணீர் அறம் ஒன்று நிறுவினான்.