அரண்மனைக்குத் திரும்பாத அருளானந்தர்

புனித அருளானந்தர் என்றதும் நமக்கு ஓரியூர் வாள் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்பே லிஸ்பன் நகரில் அவர் வென்ற சோதனையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1647-ல் அந்நகரில் உயர்குடியில் பிறந்து, அரசவையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழராக வளர்ந்தவர் அவர். 1662-ல் அதை விட்டுச் சேசு சபையில் சேர்ந்தார். 1673-ல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் காவியுடுத்த பண்டாரசுவாமியானார். மாமிசமும் மதுவும் தொடவில்லை. 1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டு, கொடிய வதைகள் பட்டு, இனி இங்கு போதிக்கலாகாது என்ற ஆணையோடு விடப்பட்டார்.

மறு ஆண்டு மிஷன் காரியமாகச் சபையார் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். பால்யத் தோழர் பேதுரு அப்போது அரசர்! தம் மகனுக்கு ஆசிரியராக அங்கேயே தங்கிவிடும்படி வேண்டினார். வதைபட்டுத் தளர்ந்தவர் தங்கியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? சுவாமியோ அந்தச் செல்வ நகரிலும் மதுரை மிஷனின் எளிய உணவையே உண்டு, தரையில் படுத்து உறங்கினார். நம் ஊர்ப் புழுதியில் அவர் கண்ட இன்பம் பட்டுமெத்தையில் இல்லை போலும். 1690-ல் திரும்பி வந்துவிட்டார்.

மறவ நாட்டுக்கே மீண்டும் சென்றார். தடியத்தேவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர் ஒரே மனைவியோடு வாழத் தீர்மானிக்கவே, தள்ளப்பட்டவர்களுள் ஒருத்தி தன் உறவினரான சேதுபதியிடம் முறையிட்டாள். சுவாமி சிறைப்பட்டார். கடைசிக் கடிதம் எழுத அவரிடம் மை கூட இல்லை. கரியைக் கரைத்து எழுதினார். 1693 பிப்ரவரி 4-ந் தேதி ஓரியூரில் தலை வெட்டுண்டார். அங்குள்ள செம்மணலை நம் ஜனங்கள் இன்றும் முடிந்து கொண்டு வருகிறார்கள்.