மரண நினைவைக் கற்பித்த தர்மானந்த கோசாம்பி

மரணம் என்ற சொல்லைக் கேட்கவும் உலகம் அஞ்சுகிறது. பகவான் புத்தரோ அதனை இடையறாது நினைக்குமாறு பிக்குகளுக்குப் போதித்தார். அப்போதனையை விரித்துரைக்கும் பெருநூலுக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தவர் பேராசிரியர் தர்மானந்த கோசாம்பி.

அவர் 1876இல் கோவாவிலுள்ள சங்க்வால் என்னும் ஊரில் பிறந்தார். புத்தர் சரிதத்தைப் படித்து உள்ளம் நெகிழ்ந்து, 1899இல் மனைவியையும் குழந்தையையும் பிரிந்து கல்வி தேடிப் புறப்பட்டார். காசியில் சமஸ்கிருதமும், கொழும்பு வித்தியோதயப் பிரிவேனாவில் சுமங்கல மகாதேரரிடம் பாலியும் பயின்றார். சென்னைக்கும் வந்து, நம் முன்னோடிகளான பேராசிரியர் லட்சுமி நரசு, சிங்காரவேலர் ஆகியோருடன் பழகினார். பின்னர்ப் பர்மா சென்று தியானம் பயின்றார்.

தாயகம் திரும்பியபின் கல்கத்தாவிலும், புனே பெர்குசன் கல்லூரியிலும் பாலி கற்பித்தார். 1910 முதல் பன்முறை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்று, புத்தகோஷரின் விசுத்திமக்கத்தைப் பிழையறப் பதிப்பிக்க உழைத்தார். நாகரி எழுத்திலான அவருடைய பதிப்பு 1940இல் வெளிவந்தது. ஹார்வர்டுப் பதிப்போ அவர் மறைந்தபின், 1950இல்தான் வெளிவந்தது.

அந்நூல் மரண நினைவை எட்டு வகையாக விளக்குகிறது. வாளோங்கிய கொலையாளியைப் போல் மரணம் அருகில் நிற்பதை எண்ணுதல் ஒன்று. புகழ்மிக்கோரும் மாண்டதைத் தம்மோடு ஒப்பிடுதல் மற்றொன்று. சாகும் காலமும் இடமும் முன்னறிய இயலாமையை உணர்தல் பிறிதொன்று. அச்சம் ஊட்டுவது இதன் நோக்கமன்று. சோம்பலை ஒழித்து, கிடைத்த நாளை நல்வழியில் செலவிடச் செய்வதே நோக்கம். இத்தியான முறைகளைச் சமாதி மார்க்கம் என்னும் நூலில் எளிய மராத்தியில் எழுதினார். கற்றோரோடு நில்லாது, 1937இல் பம்பாய்ப் பரேல் பகுதியில் தொழிலாளருக்காகப் பகுஜன விகாரையையும் நிறுவினார்.

முதுமையில் நோயால் நலிந்து, இனித் தம் உடல் பிறர்க்குப் பயன்படாது எனக் கருதினார். பார்சுவநாதரின் நெறியில் ஈடுபாடு கொண்டு, உண்ணாதிருந்து உயிர்விடத் துணிந்தார். ஒருமுறை காந்தியடிகள் தடுத்தார். எனினும் 1947 ஜூன் மாதத்தில் சேவாகிராமத்தில், உணவு துறந்த நிலையிலேயே மறைந்தார்.

இம்முடிவை நாம் போற்றலாமா? உடலை வருத்தும் பட்டினி நோன்பு பயனற்றதெனக் கண்டு கைவிட்டவர் நம் பகவான். இறுதி நாளிலும் சுந்தன் அளித்த உணவை ஏற்றார். இறுதி மூச்சுவரை தம்மம் உரைத்தார். நோயுற்றோரும் மூத்தோரும் பயனற்றவர் என்று தம்மம் எங்கும் கூறவில்லை. அவர்களுக்குப் பணிவிடை செய்வதையே பகவான் தம் கையால் செய்து காட்டினார். ஆதலின் கோசாம்பியின் முடிவை நாம் வழியாகக் கொள்ளோம்.

அவர் பதிப்பித்துத் தந்த நூலோ நமக்கு வழி. நாளை நமதென்ற உறுதி இல்லை. இன்று செய்யத்தக்க நல்வினையை இன்றே செய்வோமாக.